ஒருமுறை அழுத்தினால்

என் தந்தையார் இளமையில் தபாற் கந்தோரில் தந்தி அனுப்பும் பணியிலிருந்தவர். மோர்ஸ் சாவியில் அவருடைய விரல் ஒருநாளும் பிசகியதில்லையென்று உடன் வேலை பார்த்தோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 78 வயதாகிவிட்ட இந்நாளில் அதே விரல்களில் நடுக்கம் குடிகொண்டுவிட்டது. தேநீர்க் கோப்பையை இரு கைகளாலும் பற்றித்தான் அருந்துகிறார்.

அவருடைய பொழுதுபோக்குக்காகப் பழைய கணினி ஒன்றைத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து வைத்தேன். லினக்ஸின்மீது இயங்கும் கோடி என்னும் மென்பொருள் அதில் உள்ளது. 2014 ஆம் ஆண்டில் அது சூடிக்கொண்ட பெயர் இது. (வீட்டின் பின்வளவையே கோடியென்று வழங்கும் எம்மூரவர்க்கு நகைப்பு வரலாம்.) குடும்பத்தின் பழைய வீடியோ நாடாக்களையெல்லாம் அதிற் பதிவு செய்து கொடுத்தேன். அவற்றுள் தங்கையின் திருமணப் படமும் ஒன்று. காலஞ்சென்ற என் தாயார் நடந்தும் பேசியும் தோன்றுவது அந்த ஒரு படத்தில் மாத்திரமே.

சில மாதங்கள் யாவும் ஒழுங்காக நடந்தன. ஒருநாள் மாலை ஐயா, "தம்பி, நான் ஒருக்கால் அழுத்த அது இரண்டு அடி பாய்கிறது. படத்தை நிற்பாட்டினாலும் நிற்கிறதில்லை" என்றார். நான் அவருடைய கையைப் பார்த்தேன். "மெதுவாக அழுத்துங்கள் ஐயா, விரல் இரண்டு தரம் படுகிறது" என்றேன். பற்றரியை மாற்றியதோடு என் கடமை முடிந்ததென்று எண்ணிவிட்டேன். எனக்கு வேண்டியதை விசைப்பலகையில் தட்டிப் பார்ப்பதே என் வழக்கமாகையால், றிமோட்டைத் தொட்டும் பார்க்கவில்லை. அதன்பின் ஐயா அதைக் கையில் எடுப்பதில்லை. "அந்தப் படத்தைப் போட்டுவிடு" என்று யாரையேனும் கேட்பார். எவருக்கும் ஓய்வில்லையெனில் பேசாமல் விறாந்தைக்குப் போய்விடுவார்.

உண்மையை வெளிப்படுத்தியவள் என் 8 வயது மகள். "அப்பா, எனக்கும் இரண்டு தரம் போகுது" என்றாள். அவளுடைய கையில் நடுக்கம் ஏது?

அன்றிரவு ஆராயத் தொடங்கினேன். மோர்ஸைப் போலவே றிமோட்டும் துடிப்புகளாலும் இடைவெளிகளாலும் பேசுவது. சத்தத்துக்குப் பதிலாகக் கண்ணுக்குப் புலப்படாத செங்கீழ்க் கதிரை வீசுகின்றது. கைத்தொலைபேசியின் கமராவினூடாக நோக்கினால் பெரும்பாலும் அதன் முனை மின்னுவது தெரியும். மின்னிற்று. ஆனால் எத்தனை செய்தி போயிற்று என்பதைக் கமரா கூறாது. வந்து சேரும் சைகைகளை எண்ணாகக் காட்டும் ஐஆர்-கீரேபிள் என்னும் கருவி லினக்ஸில் உண்டு. அதை இயக்கிவிட்டு ஒருமுறை அழுத்தினேன். ஒரு செய்தியே வந்தது. கையிலும் பிழையில்லை, றிமோட்டிலும் பிழையில்லை. பின்னர் கோடி எழுதிவைக்கும் குறிப்பேட்டைத் திறந்தேன். அங்கே அதே அழுத்தம் இரண்டாகப் பதிந்திருந்தது!

காரணம் நானேதான். லினக்ஸின் அகப்பகுதியே றிமோட்டின் சைகையைப் படித்தறிந்து, விசைப்பலகையில் தட்டியதுபோல மென்பொருளுக்குக் கொடுத்துவிடுகின்றது. அவ்வசதி வருமுன் அந்த வேலையைச் செய்தது லிர்க் என்னும் தனி மென்பொருள். இயங்காதிருந்த பொத்தானொன்றைச் சீர்படுத்த எண்ணி, ஓரிரவு லிர்க்கையும் நிறுவிவிட்டு மறந்துபோயிருந்தேன். ஒரே அழுத்தத்தை இரண்டும் தனித்தனியே கொண்டுபோய்க் கொடுத்தன. இதனால் பட்டியலில் ஒன்றிலிருந்து மூன்றுக்கும், மூன்றிலிருந்து ஐந்துக்கும் பாய்ச்சல். இடைநிறுத்தும் பொத்தானோ படத்தை நிறுத்தி, அக்கணமே மீண்டும் ஓடவிட்டது. திருமணப் படம் நான்காவது.

லிர்க்கை நீக்கியதும் ஓரழுத்தம் ஓரழுத்தமாயிற்று. ஆயினும் ஐயாவின் விரல் பொத்தானை விட்டெழத் தாமதிக்கும் என்பதும் பொய்யன்று. அழுத்தியபடியே இருந்தால் கணினி அதைத் திரும்பத் திரும்ப அழுத்தியதாகக் கொள்ளும். அவ்வாறு கொள்ளுமுன் அது பொறுத்திருக்கும் நேரம் வழக்கமாக அரை வினாடி. அதை ஒரு வினாடியாக்கினேன். முற்றாக நிறுத்தும் பொத்தான், இடைநிறுத்தும் பொத்தானுக்கு அருகே இருப்பதும் ஒரு தொல்லை. கோடியின் விசைப்பட்டியலில் அந்தந்தத் திரைக்குத் தக்கபடி ஒரே பொத்தானுக்கு வெவ்வேறு வேலை கொடுக்கலாம். ஆகவே, படம் ஓடுகையில் இரு பொத்தான்களும் இடைநிறுத்தவே செய்யுமாறு திருத்தினேன். இதையெல்லாம் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

மறுநாட் காலை ஐயாவிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்கும் வகை தெரியாமல் லிர்க், லினக்ஸ் என்று நீட்டி முழக்கினேன். பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "ஒரே தந்தி இரண்டு கம்பியில் வந்திருக்கிறது. ஒன்றைக் கிழித்துப் போட்டால் சரி" என்றார்.

பிறகு றிமோட்டை என் கையிலிருந்து வாங்கி, ஒவ்வொன்றாக இறங்கி நான்காவது படத்துக்குப் போனார். பந்தலின்கீழ் நின்று அம்மா யாரையோ சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐயா பொத்தானை அழுத்தினார். படம் நின்றது.