பொள்ளாச்சியிலிருந்து 29 மணி நேரம்

பெண்ணை அமெரிக்காவில் கட்டிக் கொடுத்த தாய்மார்கள் எங்கள் கொங்குச் சீமையில் இப்போது தெருவுக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது நம் வழக்கம். ஆனால் கர்ப்பம் 28 வாரம் ஆனதுமே பல விமானக் கம்பெனிகள் டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்கின்றன. 36 வாரம் தாண்டினால் பொதுவாக ஏற்றுவதே இல்லை. அதனால் பெண் வருவதற்குப் பதில் தாய் கிளம்ப வேண்டியிருக்கிறது. 2023 மே மாதம் நானும் கிளம்பினேன்.

"ஏனுங்கக்கா, சான்பிரான்சிஸ்கோ எத்தன தூரமுங்க?" என்று பக்கத்து வீட்டு அம்மிணி கேட்டாள்.

பீளமேடு விமான நிலையத்திலிருந்து குறுக்கு வழியில் சுமார் 14,200 கிலோமீட்டர். ஓர் எலுமிச்சம்பழத்தில் எதிரும் புதிருமாக, காம்புக்குக் கொஞ்சம் கீழே இரண்டு புள்ளி வைத்து நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் காம்புப் பக்கமாகத்தான் போகும். அப்படித்தான் இந்த வழியும் வடதுருவப் பக்கமாக வளைந்து போகிறது. 2021 ஜனவரியில் கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்குத் துருவ வழியில் ஏர் இந்தியா விமானத்தை ஓட்டி வந்தார்கள். சுமார் 17 மணி நேரம் ஆயிற்று.

கோவையிலிருந்து அப்படி நேர் விமானம் கிடையாது. நான் சிங்கப்பூர் போய் மாறினேன். அதுவரை சுமார் 3,160 கிலோமீட்டர், அப்புறம் 13,600. பறந்தது மொத்தம் 19 மணி நேரம்தான். ஆனால் பொள்ளாச்சியிலிருந்து கார் ஒன்றரை மணி, பீளமேட்டில் மூன்று மணி, சிங்கப்பூரில் காத்திருந்தது மூன்று மணி, அங்கே இறங்கிச் சோதனை முடிந்து வீடு சேர இரண்டரை மணி. வாசலுக்கு வாசல் 29 மணி நேரம்! டிக்கெட்டில் உள்ள நேரத்தை மட்டும் பார்த்து உடம்பைத் தயார் செய்யக் கூடாது.

வேடிக்கை ஒன்று. சிங்கப்பூரில் காலை ஒன்பதரைக்கு விமானம் கிளம்பியது. பதினாலரை மணி நேரம் பறந்து இறங்கினால், அங்கே அதே தேதி, காலை ஒன்பது மணி! நடுவில் தேதிக்கோட்டைத் தாண்டியதால் வந்த கூத்து. திரும்பும்போது மேல்வானத்தில் எதிர்க்காற்று. அதே தூரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கூடுதல்.

எனக்குச் சர்க்கரை வியாதி உண்டு. கடிகாரம் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் போகும்போது இன்சுலினை எப்போது போடுவது? கிளம்பும் முன்பே டாக்டர் வேளைவாரியாக எழுதிக் கொடுத்தார். மருந்தும் சீட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் வைத்தால் குளிரில் இன்சுலின் உறைந்து வீணாகலாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் கட்டும் அபாயம் கூடும். மணிக்கொரு தரம் எழுந்து நடந்தேன்; உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றினேன்; தண்ணீர் நிறையக் குடித்தேன்.

குறித்த தேதிக்கு மூன்று வாரம் முன்பே போனேன். "எதுக்குங்க இத்தன அவசரம்?" என்று சம்பந்தியம்மா கேட்டார். போன ஐந்தாம் நாளே பேத்தி பிறந்துவிட்டாள்! பகலில் தூக்கமும் ராத்திரியில் முழிப்புமாக இருந்த எனக்கு அதுவே சௌகரியமாகப் போயிற்று. ராத்திரி முழுக்கப் பேத்தி என் மடியில். மகள் நிம்மதியாகத் தூங்கினாள்.

போகப்போகும் தாய்மார்களே, மூன்று வாரம் முன்னதாகவே டிக்கெட் எடுங்கள். கறிவேப்பிலை வேண்டாம்; அங்கே அனுமதி இல்லை.