வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

எங்கள் பக்கத்து நிலப் பத்திரங்களில் எல்லை விவரத்தை ஒட்டி வழிநடை, வண்டிப்பாதை, வாய்க்கால் பாத்தியதை என்று ஒரு வரி வரும். பட்டணத்து நண்பர்கள் அதை ஏதோ சடங்கு மாதிரி தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு மா நிலம் வாங்கினாலும் தண்ணி எந்த வழியா வருது, மேலண்டை வயல்காரர் வடிய விடுறது எங்க இறங்குது, அறுப்பு மிஷின் யார் வரப்பைத் தாண்டணும் என்று பார்க்காமல் நாங்கள் முன்பணம் கொடுப்பதில்லை.

தாளடி அறுப்பு முடிந்த கையோடு தங்கை மகன் போன் பண்ணினான். "மாமா, மயிலாப்பூர்ல ஒரு கிரவுண்டுல பழைய வீடு வருது. நானும் ரெண்டு சிநேகிதங்களும் சேர்ந்து வாங்கி ஃபிளாட் கட்டலாம்னு இருக்கோம். 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, சுத்தமா இருக்கு. நீங்க ஒரு தடவை வந்து பாருங்க." தங்கையின் நகை முழுக்க அதில் போகப்போகிறது. மறுநாளே ரயில் ஏறிவிட்டேன்.

இடம் நல்ல இடம்தான். ஆனால் கொல்லையில், கிணற்றடியை ஒட்டி, மண்ணில் பாதி புதைந்த ஒரு சிமெண்ட் மூடி. இந்த வீட்டுக் கழிப்பறையோ வாசல் பக்க மூலையில். அப்போ இந்த மூடி யாருக்கு? பின்வீட்டு அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"எங்க வீட்டு டிரெய்னேஜ்தான் தம்பி. இது வழியாத்தான் தெருவுக்குப் போகுது. ரெண்டும் ஒரே வீடா இருந்து பாகம் பிரிச்சது. எங்க மாமனார் காலத்துக் குழாய்."

அவர் வீட்டுக் குழாயைத் திறந்துவிடச் சொல்லிவிட்டு மூடியைத் தூக்கிப் பார்த்தோம். சலசலவென்று ஓடியது. வரைபடத்தில் நடு பில்லர் வரிசை இருந்தது சரியாக அதன் தலைமேல்.

வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களைத்தான் காட்டும். பதிவாகாமல் ஓடிக்கொண்டிருக்கும் உரிமை அதில் வராது. 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டப்படி, 20 வருஷம் தடையில்லாமல், பகிரங்கமாக, உரிமையோடு அனுபவித்து வந்த வழியும் வடிகாலும் உரிமையாகவே ஆகிவிடும். கூட்டுச் சொத்தைப் பாகம் பிரிக்கும்போது ஒரு பாகத்துக்குத் தேவையான வசதியும் அந்தப் பாகத்தோடு போகும். வாங்கியவர் எனக்குத் தெரியாதே என்று குழாயை அடைத்தால் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும்.

தி. நகரே ஏரியாக இருந்த இடம். நீளமான ஏரி, 1920-களில் தூர்த்து மனை போட்டார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று பேர் இருக்கிறது, லேக் இல்லை. மாம்பலம் கால்வாய் இன்னும் தி. நகர் வழியாகப் போய் அடையாற்றில் விழுகிறது. 2021 நவம்பர் மழையில் அங்கே தண்ணி நின்றபோது எல்லாருக்கும் அந்தக் கால்வாய் ஞாபகம் வந்தது. இப்போ மயிலாப்பூர், பனகல் பார்க், அடையாறு அடியில் மெட்ரோ சுரங்கம் வேறு. அந்தப் பாதைக்கு அருகில் கட்டுவதானால் மெட்ரோ நிறுவனத்தையும் கேட்கவேண்டும்.

தங்கை மகனிடம் நான் சொன்னது இதுதான்: நகர சர்வே வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மனையைச் சுற்றி நட. குடிநீர் வாரியப் பகுதி அலுவலகத்தில் கழிவுநீர் இணைப்பு எப்படிப் போகிறது என்று கேள். மின்வாரியத்தில் கேபிளைக் கேள். நாலு பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் பேசு. கடைசியாகச் சொன்னதைத்தான் புரோக்கருக்குப் பிடிக்கவில்லை.

விற்பவர் விலையில் கொஞ்சம் இறங்கினார். பக்கவாட்டுக் காலியிடத்தின் அடியில் புதுக் குழாய் போடுவது, அதில் பின்வீட்டுக்கு உள்ள உரிமையைத் தனிப் பத்திரமாகப் பதிவது என்று முடிவானது. சுற்றிப் போவதால் தூரம் கூடுகிறது. வாய்க்காலோ குழாயோ, வாட்டம் இல்லாவிட்டால் ஓடாது. இன்ஜினியரை ரெண்டு தடவை மட்டம் பார்க்க வைத்தேன், அவருக்குக் கோபம்தான்.

பின்வீட்டு அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "ஒரு நாள்கூட அடைக்கக் கூடாது தம்பி, வீட்ல கைக்குழந்தை இருக்கு." பங்குனியில் புதுக் குழாய் இறக்கி, இணைப்புக் கொடுத்து, ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் பழைய வீட்டில் கடப்பாரை விழுந்தது.