ஹெரால்டும் ஒரு தண்டவாளத் துண்டும்

இசோ க்ரிஃபோ என்ற காரின் படத்தை நண்பர் ஒருவர் அனுப்பியிருந்தார். வெளிநாட்டில் எங்கோ ஏலத்துக்கு வந்திருக்கிறதாம். நீண்டு தாழ்ந்த முகப்பு, பின்னால் ஒரே வீச்சில் சரிந்து இறங்கும் கூரை. உடம்பு இத்தாலி, எஞ்சின் அமெரிக்கா. படத்தைவிட அவர் கூடவே எழுதியிருந்த வரிதான் என்னைக் கிளப்பியது: “இந்த மாதிரி தகட்டைக் கையாலயே தட்டி எடுக்கிற மேஸ்திரி ஒருத்தர் நம்ம சிப்காட் ரோட்டுல இருக்காரு. ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒண்ணு அவர்கிட்ட நிக்குது.”

க்ரிஃபோவின் பிறப்பே ஒரு நல்ல கதை. மிலானை அடுத்த பிரெஸ்ஸோவில் ஆலை வைத்திருந்த ரென்சோ ரிவோல்டா முதலில் செய்தது குளிர்பதனப் பெட்டிகள். பிறகு ஸ்கூட்டர், 1953இல் இசெட்டா என்ற முட்டை வடிவக் குட்டி வண்டி. அதற்கும் பிறகுதான் பெரிய கார். எஞ்சினைப் புதிதாக உருவாக்கிக் கையைச் சுட்டுக்கொள்ளாமல், கார்வெட்டில் ஓடிய 5.4 லிட்டர் ஷெவர்லே வி8 எஞ்சினை வாங்கிப் பொருத்தினார். ஃபெராரியிலிருந்து வெளியேறிய பொறியாளர் பிட்சாரினி சேசிஸைப் பார்த்துக்கொண்டார். பெர்டோனே நிறுவனத்தில் இருந்த ஜுஜாரோ வடிவத்தை வரைந்தார். 1963 துரின் கண்காட்சியில் அந்த வண்டி நின்றபோது அவருக்கு வயது 25. 1974இல் இசோ நொடித்து மூடும்வரை நானூற்றுச் சொச்சம் க்ரிஃபோக்கள்தான் வெளிவந்தன. வரைந்தவர், வடிவமைத்தவர், முதல் போட்டவர் பெயரெல்லாம் புத்தகங்களில் இருக்கின்றன. சுத்தியால் தகட்டை வளைத்தவர்களின் பெயர் நான் படித்த எதிலும் இல்லை.

நண்பர் சொன்ன மேஸ்திரியைத் தேடிப் போனேன். கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் போனால் சிப்காட் ரசாயன ஆலைகளின் மதில்கள் வரிசையாக வரும். மதில்களுக்குப் பின்னால் உப்பனாறு, அதற்கப்பால் கடல். இங்கே இரும்புத் தகட்டுக்கு ஆயுசு குறைவு. “உப்புக் காத்து ஒரு பக்கம் திங்குது, கம்பெனிக் காத்து ஒரு பக்கம் திங்குது சார். பஸ்ஸு புதுசா வந்து நாலு மழை பாக்கட்டும், படிக்கட்டு போயிடும்” என்றார் மேஸ்திரி. அந்த அரிப்புதான் அவருக்குச் சோறு போடுகிறது. ஆலைத் தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் பேருந்துகளின் தளம், டேங்கர் லாரிகளின் மட்கார்டு என்று பட்டறை முழுக்க ஒட்டு வேலை. அவற்றுக்கு நடுவே, கதவுகள் கழற்றப்பட்டு நின்றது ஹெரால்டு.

வண்டி சிதம்பரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. சென்னையை அடுத்த வண்டலூர் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் 1961 முதல் ஹெரால்டுகள் வந்தன. எஞ்சின் ஆங்கிலேயருடையது, உடம்பை வரைந்தவர் துரின் நகரத்து மிக்கெலோட்டி. ஆசிரியரின் வண்டி நாலு கதவு வைத்தது. அந்த வகை இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது.

ஹெரால்டு இன்றும் பிழைத்துக் கிடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஆலையைப் போட்டிக் கம்பெனி 1953இல் வாங்கிவிட்டது. முழு உடம்பை ஒரே இடத்தில் அடித்து வாங்க வழியில்லாமல் போகவே, தனியாக ஒரு சேசிஸ், அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கும் துண்டு துண்டான பாகங்கள் என்று வடிவமைத்தார்கள். அந்த நெருக்கடி பல பத்தாண்டுகள் கழித்துக் கடலூர்க்காரருக்கு வரமாக வந்திருக்கிறது. அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் உடம்பே சட்டகம். ஓரிடத்தில் துரு ஏறினால் வெட்டித்தான் ஒட்ட வேண்டும். ஹெரால்டில் போல்ட்டைக் கழற்றினால் பாகம் கையோடு வந்துவிடும். இரண்டு மட்கார்டும் பானெட்டும் ஒரே கூடாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கிறது. அந்தக் கூட்டைத்தான் மேஸ்திரி பழைய மெத்தைமேல் கிடத்தியிருந்தார்.

அவர் இடக்கையில் இருந்தது டாலி. சொட்டைக்கு உள்பக்கமாக அணை கொடுக்கும் இரும்புக் கட்டி. கடையில் வாங்கியதல்ல, தண்டவாளத் துண்டில் அறுத்தது. ஒரு முகம் தட்டை, ஒரு முகம் லேசான வளைவு, ஓரம் ஒன்று கூர்மை. கை பட்டுப் பட்டு முகங்கள் கண்ணாடியாய்ப் பளபளத்தன. வலக்கைச் சுத்தி ஓங்கி விழவேயில்லை. மணிக்கட்டு மட்டும் அசைய, பொட்டுப் பொட்டாக விழுந்தது. சத்தம் மாறும்போதெல்லாம் நிறுத்தினார். டாலிக்கு நேர்மேலே விழுந்தால் ‘டிங்’கென்று கேட்கும், தகடு மெலியும். சற்றுத் தள்ளி விழுந்தால் சத்தம் அமுங்கும், மேடு இறங்கும். எந்த அடி எங்கே என்பதுதான் தொழில். பிறகு மெல்லிய வேட்டித் துணியைத் தகட்டின்மேல் போட்டு, அதன்மேல் உள்ளங்கையை நீளவாக்கில் ஓட்டினார். என்னையும் தடவிப் பார்க்கச் சொன்னார். வெறுங்கையில் தட்டுப்படாத பள்ளம் துணி வழியே தட்டுப்பட்டது.

அடிபட்ட தகடு நசுங்குவதோடு இழுபட்டு விரிந்தும் போகும். விரிந்ததை என்ன தட்டினாலும் இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் புடைக்கும். கேஸ் நெருப்பில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு புள்ளியைச் சிவக்கக் காய்ச்சி, சுற்றித் தட்டி, ஈரத்துணியை வைத்தார். தகடு சுருங்கிக் கெட்டியானது. பட்டி, ப்ரைமர், பெயின்ட் எல்லாம் பிறகு வருபவை. அதில் எனக்கு மனம் செல்லவில்லை.

டாலியை அறுத்துக் கொடுத்தவர் அவருடைய வாத்தியார். வண்டலூர் ஆலையில் பாடி பிரிவில் இருந்தவர், ஆலை படுத்ததும் கடலூர் வந்து பட்டறை போட்டார். மேஸ்திரி பதிமூன்று வயதில் அவரிடம் சேர்ந்தார். வாத்தியார் கடைசிவரை ஆறாத மனசோடு பேசியது 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 பற்றியாம். ரோவரின் அழகான உடம்புக்குள், பழைய வான்கார்டு வழிவந்த இரண்டு லிட்டர் எஞ்சினை வைத்துவிட்டார்கள். வண்டி எடுபடவில்லை, சில வருஷத்தில் ஆலையும் மூடியது. க்ரிஃபோவில் அந்நிய எஞ்சின் உடம்புக்குப் பலம் தந்தது. இங்கே உடம்பு எஞ்சினைச் சுமந்தது. படத்தை மேஸ்திரியிடம் காட்டினேன். எஞ்சின் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பின்பக்க வளைவை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இது ஒரே தகடா இருக்காது சார். ஒட்டுன இடம் தெரியாம ஈயம் ஏத்தியிருப்பான். நல்ல கை” என்றார்.

நல்ல கைக்கு இங்கே நாள் கூலி 1,000 ரூபாய். திண்டிவனம், விழுப்புரம் பக்கம் தோட்டத்துக் கொட்டகைகளில் கோழி அடையும் ஹெரால்டுகளைத் தரகர்கள் பழைய இரும்பு விலைக்கு வாங்குகிறார்கள். இவரைப் போன்றவர்களிடம் மாதக்கணக்கில் தட்டி எடுத்து, சென்னையிலும் கோவையிலும் லட்சங்களுக்குக் கைமாற்றுகிறார்கள். அந்த லட்சத்தை உண்டாக்கியது எது? எஞ்சின் பழையது, டயர் கடையில் கிடைப்பது. துருப்பிடித்த தகட்டை மறுபடி வளைவாக்கிய கைதான் உண்டாக்கியது. ஆனால் விற்கும்போது வண்டியின் வம்சம் பேசப்படுகிறதே தவிர, யார் தட்டியது என்ற பேச்சில்லை. வாங்குகிற பணக்காரரும் கேட்பதில்லை. ஒரு தரகர் பாதிக் கூலியை வண்டி விற்ற பிறகு தருகிறேன் என்றாராம். வண்டி விற்றது, பாக்கி நிற்கிறது. இது வியாபாரத் திறமை இல்லை, திருட்டு. பழைய வண்டி மேல் ஆசை வைத்தவர்கள் பட்டறைவரை வந்து, தட்டியவர் கையில் பணத்தைக் கொடுக்க வேண்டும். நடுவில் நிற்பவருக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

சிதம்பரம் ஆசிரியர் அப்படித்தான் நேராக வந்தவர். அவரைப் பார்த்துப் புதுச்சேரியிலிருந்து இன்னொரு ஹெரால்டுக்காரரும் விசாரித்துப் போயிருக்கிறார். மேஸ்திரி இப்போது நோட்டில் தகடு, கேஸ், பட்டி, கூலி என்று தனித்தனியாக எழுதுகிறார். கூலிக்கு முன்பணம் வாங்காமல் போல்ட்டைத் தொடுவதில்லை.

குடிகாட்டுப் பையன் ஒருவன் ஆலையில் ஷிப்ட் முடிந்து மாலையில் வந்து கற்றுக்கொள்கிறான். அவனுக்குப் பேருந்துத் தளம் மட்டும்தான் கொடுக்கப்படுகிறது. ஹெரால்டில் எப்போது கை வைக்கலாம் என்று அவன் கேட்க, “டிக்கி மூடி வரட்டும். அதுல உள்பக்கம் மொதல்ல தட்டு, நான் தடவிப் பாத்துட்டுச் சொல்றேன்” என்றார் மேஸ்திரி.