இட்லி உள்ளூர், சாம்பார் வெளியூர்

ஆடி 18, சிதம்பரம்

கொல்லையில் பாத்தி போட்டாயிற்று. எங்கள் மண் களி. நனைந்தால் மண்வெட்டியை விடாது, காய்ந்தால் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஐப்பசியில் இங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று தெரிந்தவர்கள் தரைமட்டத்தில் எதையும் நடமாட்டார்கள். அதனால் மேட்டுப்பாத்தி, நடுவே வடிகால். அரிசி ஆலையிலிருந்து உமிச்சாம்பல் வந்தது. ஆட்டு எருவுக்குக் கோடையிலேயே கிடைக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தேன். அந்த ஆடுகள் ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து வருபவை. அறுவடை முடிந்த டெல்டா வயல்களில் பகலில் மேய்ந்து, இரவில் பட்டியில் அடைந்து, நிலத்துக்கு எருவிட்டு ஊர் திரும்பும். ஒரு பிஞ்சுகூட வருவதற்கு முன்பே என் தோட்டத்துக்குள் இன்னொரு மாவட்டம் வந்துவிட்டது.

கத்தரி நாற்று, வெண்டை, கொத்தவரை, அவரை. பூசணி விதை மட்டும் கொட்டகை ஓரத்தில், கூரையில் ஏற்றிவிடலாம்.

ஆவணி, ஞாயிறு, கடலூர்

அத்தை வீடு திருப்பாதிரிப்புலியூரில். சிதம்பரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் மண் வேறு ஜாதி: கெடிலக்கரை மணல் கலந்தது, ஊற்றிய தண்ணீர் எங்கே போனதென்றே தெரியாது. அத்தை ஒரு செடியைப் பிடுங்கி உதறினார். காய்கள் கொத்தாக, சுத்தமாக வந்தன.

“உங்க களிமண்ணுல மல்லாட்டை போட்டுப் பாரு, புடுங்கறதுக்குக் கடப்பாரைதான் வேணும்.”

தென்னார்க்காட்டின் அடையாளமே இந்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலைதான். பிறந்த இடமோ தென் அமெரிக்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் சீமையில் விளைந்தது புதுச்சேரியில் கப்பலேறி பிரான்சின் மார்செய் வரை போயிருக்கிறது, அங்கே எண்ணெய்க்கும் சோப்புக்கும். இவ்வளவையும் சொன்னபோது அத்தை அசரவில்லை. “எங்கேருந்து வந்தா என்ன, வந்து வேர் புடிச்சிட்டா நம்மூர்தான்.” முருங்கைதான் அவருக்கு வருத்தம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது தெருவில் ஒரு மரம் மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு போத்து நட்டு வளர்த்ததுதான் இப்போதிருப்பது.

என் கத்தரியும் இந்தப் பக்கத்து ரகம். பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. ஒட்டுரகம் இல்லை, விதை எடுத்துக்கொள்ளலாம்.

புரட்டாசி

கத்தரியின் கொழுந்துகள் தலை தொங்கிவிட்டன. தண்ணீர் குறையில்லை. ஒரு தண்டை நகத்தால் கிள்ளிப் பிளந்தேன். உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு, தன் கழிவுக்கு நடுவே. தண்டையும் காயையும் ஒருசேரத் துளைக்கும் காய்த்துளைப்பான்.

இந்தப் புழுவுக்காகத்தான் மரபணு மாற்றிய பி.டி. கத்தரி வந்தது. அதை 2010 பிப்ரவரியில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வைத்தார். 2013இல் வங்கதேசம் அனுமதித்துவிட்டது. அந்தச் சண்டையில் எந்தப் பக்கம் நிற்பதென்று எனக்கு இன்றும் முழுத் தெளிவில்லை. நாலு செடிக்காரி நான், வாடிய தண்டைக் கிள்ளி எரித்துவிடலாம். ஏக்கர் கணக்கில் போட்டவர் மருந்துதான் அடிப்பார், அதுவும் பல முறை. இத்தனைக்கும் கடையில் நிற்கும்போது நானே ஒவ்வொரு காயாகத் திருப்பிப் பார்த்து, துளை இருப்பதை ஒதுக்கிவிட்டுத்தான் எடுக்கிறேன். துளையில்லாத காய் வேண்டுமென்று கேட்பவர்களில் நானும் ஒருத்தி. மருந்து அடிப்பவரை மட்டும் குறை சொல்ல வாய் வரவில்லை.

ஐப்பசி

அடைமழை. வெண்டை முடிந்தது, அவரைப் பந்தல் சாய்ந்தது. வீராணம் நிரம்பிவிட்டதாம், 47.5 அடி. மேட்டூர்த் தண்ணீர் கொள்ளிடம் வழியே வந்து, 1836இல் கட்டிய கீழணையில் நின்று, வடவாற்றில் திரும்பி இந்த ஏரியை அடைகிறது. பராந்தக சோழன் காலத்து ஏரி. 2004 முதல் இதிலிருந்து சென்னைக்கும் குழாய் போகிறது. தங்கை அங்கே மொட்டைமாடியில் பை வைத்துத் தக்காளி வளர்க்கிறாள். அவள் ஊற்றும் தண்ணீரில் எங்கள் ஏரியும் இருக்கலாம்.

கொல்லை கைவிட்டதால் சாம்பார் முழுக்கக் கடைச்சரக்கு. இன்று வைத்த குழம்பை ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். துவரம்பருப்பு கர்நாடகத்துக் குல்பர்கா பக்கமாக இருக்கலாம், மகாராஷ்டிரமாக இருக்கலாம், இந்தியாவுக்குள்ளேயே இல்லாமலும் இருக்கலாம். மியான்மர், தான்சானியா, மொசாம்பிக்கிலிருந்தெல்லாம் துவரை இறங்குகிறது. மொசாம்பிக்குடன் 2016இல் ஒப்பந்தமே போட்டார்கள். சின்ன வெங்காயம் பெரம்பலூர், தக்காளி கிருஷ்ணகிரியோ கோலாரோ, கேரட் நீலகிரி. பெருங்காயத்தின் பால் ஆப்கானிஸ்தானிலும் ஈரானிலும் வடித்தது. இவ்வளவு காலம் தின்றும் நம் நாட்டில் பயிராகாத பொருள் அது. 2020 அக்டோபரில்தான் இமாசலத்தின் லாகௌல் பள்ளத்தாக்கில் முதல் நாற்று நட்டிருக்கிறார்கள்.

இட்லி அப்படியில்லை. அரிசி ஆடுதுறை 37, குண்டரிசி, குறுவையில் விளைவது. உளுந்து சம்பா வயலில் விளைவது. ஆக இட்லி உள்ளூர், சாம்பார் வெளியூர்.

“அப்போ சட்னி?” என்றார் இவர்.

தேங்காய் உள்ளூர், பொட்டுக்கடலை வெளியூர். கலப்புக் கட்சி.

கார்த்திகை

மழை விட்டதும் கத்தரி மறுபடி தளிர்த்துக் காய்த்தது. இன்று கொத்சு. பிஞ்சுக் கத்தரியை நல்லெண்ணெயில் வதக்கி, புளித்தண்ணீரில் கொதிக்கவிட்டு, வறுத்து அரைத்த மல்லிப்பொடி. எங்கள் வீட்டில் இதற்குப் பருப்பு போடுவதில்லை. நடராசர் கோயிலில் சம்பா சாதத்தோடு நைவேத்தியம் ஆவது இதுதான். கத்தரி இந்த நாட்டிலேயே பிறந்த காய். இதில் சேரும் மிளகாய் போர்த்துக்கீசியர் வந்த பிறகு வந்தது. அதற்கு முன் கொத்சு எப்படி உறைத்திருக்கும்? மிளகாகத்தான் இருக்க வேண்டும்.

தை

கூரைமேல் பழுத்த பூசணிகளை வடலூருக்கு அனுப்பினோம். பூசத்துக்கு ஊர் ஊராக அரிசியும் காயும் தருமசாலைக்குப் போகும். 1867இல் வள்ளலார் ஏற்றிவைத்த அடுப்பு.

சேத்தியாத்தோப்பு பக்கம் பெரியப்பா வயலுக்குப் போனேன். நெல் அறுத்த தாளுக்கு இடையில் உளுந்து ஈரிலை விட்டிருக்கிறது. உழவில்லை, பாத்தியில்லை. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, மண் மெழுகு பதத்தில் இருக்கையில், நிற்கிற நெல்லுக்குள்ளேயே விதையை வீசிவிடுகிறார்கள். மிச்ச ஈரத்திலும் பனியிலும் எழுபது நாளுக்குள் முடிகிற பயிர். குனிந்து தாளை விலக்கினேன். விதை மண்ணுக்குள் புதையக்கூட இல்லை, மேலே கிடந்தபடியே வேர் இறக்கியிருந்தது.

“அங்க பாரு” என்று பெரியப்பா காட்டிய இடத்தில் இரண்டு பட்டையாக வெறும் மண். “அறுப்பு மிஷின் போன தடம். அது திரும்புன மூலையில ஒண்ணு நிக்காது. ஆளு வெச்சு அறுத்தா இப்படி ஆவாது, ஆளுக்கு எங்க போறது?” அதனாலேயே பலர் உளுந்து தெளிப்பதை விட்டுவிட்டார்களாம்.

திரும்பும்போது மளிகைக்கடையில் கேட்டேன். போன முறை எனக்குக் கொடுத்தது பர்மா உளுந்து என்றார் கடைக்காரர், சாதாரணமாக. 1942இல் ஜப்பான் பிடிக்கும்வரை பர்மாவிலிருந்து அரிசியே வந்துகொண்டிருந்ததாகப் படித்திருக்கிறேன். இப்போது உளுந்து. ஐப்பசியில் எழுதியதில் பாதி அடித்துவிட வேண்டியதுதான்.

மாசி

பங்குனியில் உளுந்து அடித்ததும் ஒரு மூட்டை தருவதாகப் பெரியப்பா சொல்லியிருக்கிறார். கடை விலைக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்கிறேன் நான். சொந்தத்துக்குள் என்ன கணக்கு என்கிறார் இவர். இன்னும் தீரவில்லை. அத்தை அவரை விதை கேட்டிருக்கிறார். முற்றவிட்ட கத்தரிகள் மஞ்சளாகிவிட்டன, நாளை அலசி விதை எடுக்க வேண்டும்.