பருமனும் உயிர்ப்பும்

ஒன்று சிறுத்ததா, பெருத்ததா என்று பார்த்தே அதன் வலிவை மதிப்பிடுவது மனித இயல்பு. ஈரற் புற்றுநோய்ச் சிகிச்சையில் இவ்வளவுகோல் பொய்த்துவிடுவதுண்டு. வட்டக்கச்சியில் வாழும் என் பெரியப்பாவின் நோயே இதனை எனக்கு உணர்த்திற்று.

இரணைமடு நீரில் ஆயுள் முழுவதும் நெல் விளைவித்தவர் அவர். ஈரலில் கண்ட கட்டிக்குக் கொழும்பிலே நாடிவழிச் சிகிச்சை பெற்று, ஒரு மாதத்தின் பின் சி.ரி. ஸ்கான் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார். ஆங்கில அறிக்கையில் வீட்டாருக்கு விளங்கியவை எண்கள் மட்டுமே. முன்னர் நான்கு சென்ரிமீற்றர், இப்பொழுதும் நான்கு. செலவழித்ததெல்லாம் வீண் என்று பெரியம்மா அழுதார். இனிக் கொழும்புக்குப் போவதில்லை என்று பெரியப்பா முடிவு செய்தார்.

அவ்வறிக்கையின் எஞ்சிய வரிகளோ வேறு செய்தி கூறின. நலமுள்ள ஈரல், தன் குருதியில் ஏறத்தாழ முக்காற் பங்கை வாயில் நாளத்தின் வழியே பெறுகிறது. புற்றுக்கட்டியோ பெரும்பாலும் ஈரல் நாடியையே நம்பி வாழ்கிறது. ஆகவே அந்நாடியுள் நுண்குழாயைச் செலுத்தி, மருந்தூட்டி, குருதியோட்டத்தை அடைக்கின்றனர். 1983இல் ஜப்பானிய மருத்துவர் யமாடாவும் அவர்தம் குழுவினரும் 120 நோயாளரில் இத்தகைய அடைப்புச் சிகிச்சையால் கண்ட பயனை வெளியிட்டனர்.

இதனைப் பெரியப்பாவுக்கு விளக்குதல் கடினமாயிருக்கவில்லை. வாய்க்காலை மறித்தால் வயலின் பரப்புக் குறைவதில்லை. பயிர் வாடிற்றா என்றே பார்க்கிறோம். ஸ்கானிலும் அதுவே நிகழ்கிறது. நிறமூட்டும் மருந்தை நாளத்தில் ஏற்றியபின், நாடிக் குருதி ஈரலை அடையும் சில விநாடிகளில் படமெடுப்பர். உயிருள்ள புற்றுப்பகுதி அப்பொழுது ஒளிர்ந்து பின்னர் மங்கும். மாண்ட பகுதி ஒளிராது. இதனாலேயே 2010இல் வெளியான திருத்திய அளவுகோல், கட்டி முழுவதையும் விடுத்து, ஒளிரும் பகுதியை மட்டும் அளக்குமாறு வகுத்தது.

எனினும் ஒளிர்வதெல்லாம் புற்றன்று. கதிரியக்கச் சிகிச்சையின் பின் ஒளிர்வு சில மாதங்கள் நீடித்துப் படிப்படியாக மறைவதுண்டு. ஆதலால் அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2024இல் அதற்கெனத் தனி விதிமுறையை வெளியிட்டது. ஒரே படத்தால் தீர்ப்பளிக்க இயலாமையாலேயே மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வருமாறு மருத்துவர் அழைக்கின்றனர்.

பெரியப்பா மீண்டும் சென்றார். இரண்டாம் படத்திலே கட்டியின் விளிம்பில் சிறு கீற்றொன்று ஒளிர்ந்தது. அதற்கும் சிகிச்சை அளித்தனர். முதல் அறிக்கையோடு அவர் வீட்டில் நின்றிருந்தால், அக்கீற்று யார் கண்ணிலும் படாமலே வளர்ந்திருக்கும்.

எத்துணை மாண்டது, எத்துணை எஞ்சியது என்னும் இரு செய்திகளையேனும் அறிக்கையின் அடியில் தமிழில் எழுதுதல் அரிய செயலன்று. மருத்துவமும் தமிழும் கற்கும் நம் மாணவர் இப்பணிக்கு முன்வரவேண்டும்.