எண் ஏற ஏற இளைக்கும்

துப்பாக்கிக்கு மருந்து கெட்டித்துப் பழகிய ஒருவரைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் செஞ்சியை அடுத்த அனந்தபுரம் போனேன். செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்கள் ராஜகிரி உச்சிப் பீரங்கியோடு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். எந்தக் குண்டு எந்தக் குழலுக்குச் சேரும் என்பதை அந்தக் காலத்தில் எப்படிக் கண்டார்கள் என்று கேட்டால் சொல்ல அங்கே ஆள் இல்லை.

பேருந்து நிறுத்தத்தை ஒட்டி நரிக்குறவர் குடும்பம் ஒன்று பாசிமணிக் கடை விரித்திருந்தது. அமாவாசைக் கூட்டத்துக்காக மேல்மலையனூர் போகும் வழியில் இங்கே தங்கியிருந்தார்கள். பெரியவருக்கு எழுபது தாண்டியிருக்கும். அவருடைய அப்பா வைத்திருந்த உரிமத் துப்பாக்கியை எப்போதோ ஒப்படைத்தாயிற்று. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு முயலும் கௌதாரியும் கதைகளில் மட்டும்தான் அகப்படுகின்றன. ஆனாலும் துப்பாக்கி என்றதும் அவர் கை தானாக ஒரு குழலைப் பிடித்துக்கொண்டது.

வாய்வழி நிரப்பும் ஒற்றைக் குழல் அது. கரிமருந்து, அதன்மேல் நார், ஈய ரவை, மறுபடியும் நார். ஒவ்வொன்றையும் குச்சியால் இடித்து இறக்க வேண்டும். இடிக்கிற அந்தக் குச்சியே அளவுகோலும் என்பதைத்தான் நான் அதுவரை யோசித்ததில்லை. குழல் காலியாக இருக்கும்போது குச்சியை உள்ளே விட்டு, குழல்வாய்க்கு நேராக ஒரு கீறல் போட்டு வைப்பார்களாம்.

"கீறல் வாய்க்கு மேல நின்னுச்சின்னா உள்ள மருந்து இருக்கு சாமி. அப்ப யாரும் எதிர்ல நிக்கக் கூடாது."

மறதியில் மருந்தின்மேல் மருந்து போட்டால் குழலே வெடித்துக் கை போய்விடும். அந்தக் கீறலுக்குக் காசும் இல்லை, படிப்பும் வேண்டாம்.

அமெரிக்காவில் வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறவர்களின் மேசை வேறு மாதிரி. தராசு, வெர்னியர், சுட்ட கூடு மறுபடி பொருந்துமா என்று பார்க்கும் அளவுக்கூடு என்று கருவிகள் வரிசை கட்டும். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே அந்த மேசைக்கு இங்கே இடமில்லை. அளவுக்கூட்டின் வம்சம் மட்டும் பழையது. 1750 முதல் 1761 வரை செஞ்சியைக் கையில் வைத்திருந்த பிரெஞ்சுக்காரர்கள், சில ஆண்டுகள் கழித்துத் தங்கள் பீரங்கிப் படையைச் சீர்திருத்தியபோது குண்டுகளை இரட்டை வளையத்தில் சோதித்தார்கள். பெரிய வளையத்தில் குண்டு நுழைய வேண்டும், சின்னதில் நுழையக் கூடாது. எண்ணே படிக்கத் தெரியாத சிப்பாயும் சோதித்துவிடலாம். பெரியவரின் கீறலுக்கு அது அண்ணனோ தம்பியோ, எனக்குக் கீறலைத்தான் பிடித்திருக்கிறது.

பேச்சு துப்பாக்கி எண்ணுக்கு வந்தபோது பெரியவரின் மனைவியான கிழவியும் சேர்ந்துகொண்டார். பன்னிரண்டு போர் (bore) துப்பாக்கியைவிட இருபது போர் ஏன் சின்னது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை கச்சிதமாக நுழையும் குழல் பன்னிரண்டு போர், ஏறத்தாழ 18.5 மி.மீ. இருபதாக்கினால் உருண்டை சிறுத்துவிடும், குழலும் 15.6 மி.மீட்டருக்கு இறங்கிவிடும். பெரியவர் தலையாட்டினார். அவர் துப்பாக்கிக்கு எண் கிடையாது, கட்டைவிரல் நுழையுமா என்பதுதான் கணக்கு.

"கம்பியும் அப்படித்தானே? நம்பர் ஏற ஏற இளைக்கும்" என்றார் கிழவி.

அவர் சொன்னது சரி. கம்பியைத் துளைப்பலகையின் சிறிய சிறிய துளைகளில் இழுத்து இழுத்துத்தான் மெலிய வைப்பார்கள். இழுப்பு கூடக் கூட எண்ணும் கூடும். இருபது கேஜ் 0.91 மி.மீ., இருபத்துநாலு 0.56. அவர் மணி கோக்கும் கம்பி இருபத்துநாலு. அது இல்லாத நாளில் இருபத்தாறை இரட்டையாக முறுக்கிப் போடுவாராம்.

குறடு வாங்க அவர் சென்னை பாரிமுனைக்குப் போவார். கடைக்காரர் எடுத்து வைப்பதை விலை கேட்கும் முன்பே வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வாயை மூடிப் பார்ப்பார். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் வேண்டாம். உள்ளே பல் வெட்டியிருந்தாலும் வேண்டாம், அது கம்பியின் முலாமைச் சிராய்த்துவிடும். திருகாணி ஆடுகிறதா என்று காதருகே வைத்துக் குலுக்குவார். வளையம் வளைக்கும் உருண்டை மூக்குக் குறட்டில் ஒரு கீறல் இருந்தது. கம்பியை அந்த இடத்தில் வைத்துச் சுற்றினால் வளையமெல்லாம் ஒரே அளவில் வரும்.

"அது யார் போட்டது அம்மா?" என்றேன்.

"அவருதான். வேற எதுக்கு இருக்காரு?"

பெரியவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, ருத்திராட்சத்துக்கு இந்தக் கீறல் பத்தாது, இன்னும் ஒரு நெல் அளவு கீழே வேண்டும் என்று அரத்தைத் தேட ஆரம்பித்தார். மேல்மலையனூரில் ருத்திராட்சம்தான் அதிகம் போகுமாம்.