ஜிம்மி எழும்பிட்டுது



"சேர், வாப்பாட நாய் தப்பிட்டா?" பள்ளி முன்றல், பாடசாலை கேற், சந்தை என்று போகுமிடமெல்லாம் இதே கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. அதனால் இந்த நீண்ட பதிவு.

ஜிம்மி வீட்டில் வளர்ந்த நாய் இல்லை. சம்மாந்துறையில் வாப்பாவின் வயல் வாடியில் நின்ற நாய். கதிர் முற்றும் காலத்தில் பன்றிக்கும் கட்டாக்காலி மாட்டுக்கும் ராக்காவல் இருக்கும் வாப்பாவுக்கு 71 வயது, காது பாதிதான் கேட்கும். ஜிம்மி எந்தப் பக்கம் பார்த்துக் குரைக்குதோ அந்தப் பக்கம்தான் டோர்ச் அடிப்பார்.

ஜனவரிக் கடைசியில் ஒரு நாள் சுபஹுக்குப் பிறகு வாய்க்கால் கட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் அதை அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. நான் போய்ப் பார்க்கும்போது பின்பக்கம் இரண்டும் செத்ததுபோல் கிடக்க, முன்னங்காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. வாடியில் கிடந்த பலகையை மெதுவாக அடியில் தள்ளி, உடம்பு வளையாமல் தூக்கினோம். அதற்கு முன் வாப்பாவின் தலைத்துண்டால் வாயைக் கட்டினோம். எவ்வளவு பாசமான நாயும் நோவில் கடிக்கும். (வாந்தி எடுத்தாலோ மூச்சு வாங்கினாலோ கட்டக்கூடாது.)

மிருக வைத்தியர் முதலில் கேட்டது விசர்நாய்த் தடுப்பூசி போட்ட கார்டை. நல்ல வேளை, வாப்பா அதை உர மானியக் கடதாசிகளோடு பத்திரமாக வைத்திருந்தார். பிறகு முரசின் நிறம் பார்த்தார், மூச்சைப் பார்த்தார். கடைசியில் பின்னங்கால் விரலைக் கிடுக்கியால் நசித்தார். ஜிம்மி காலை இழுத்தது. எனக்குச் சந்தோசம். "சேர், இது தெறிவினையாகவும் இருக்கலாம். திரும்பிப் பார்க்குதா எண்டுதான் பார்க்கணும்" என்றார். நானே படிப்பிக்கும் பாடம்! இன்னும் அழுத்தி நசித்தார். தலையைத் திருப்பி ஒரு கத்துக் கத்தியது பாருங்கள், வாப்பா அப்படியே வாங்கில் உட்கார்ந்துவிட்டார். நோவு மூளைக்குப் போகிறது. முள்ளந்தண்டு அறுந்துபோகவில்லை.

எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைவு, ஆனால் தொடையெலும்பு பொருந்தும் குழிக்குச் சேதமில்லை. பேராதனைக்குக் கொண்டுபோவதா என்று யோசித்தோம். உடைந்த இடுப்போடு மஹியங்கனை வளைவுகளில் ஏற்றுவதை நினைக்கவே பயமாக இருந்தது. இப்படியான உடைவை சுற்றியுள்ள தசையே பிடித்து வைக்கும், ஆறு கிழமை அசையாமல் வைத்திருந்தால் பொருந்தும் என்றார் வைத்தியர். "ஊசியப் போட்டு முடிச்சிருங்க, ஏன் இந்தப் பாடு" என்றவர்களும் உண்டு. வாப்பா பதில் சொல்லவேயில்லை.

வளவில் நெல்மூட்டை வைக்கும் கொட்டிலில் கம்பி வலையால் கூடு. வைக்கோல், மேலே உரபேக், அதன் மேல் பழந்துணி. நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். மூத்திரம் போகுதா என்று தினமும் பார்க்க வேண்டும். ஈரம் நின்றால் ஈ மொய்க்கும், இரண்டு நாளில் புழு. மலம் இறுகாமல் இருக்க உம்மா பூசணிக்காயை அவித்துச் சோற்றில் பிசைந்து தந்தார். ஒருவர் பாதி பனடோல் கொடுக்கச் சொன்னார். மனுசருக்கான நோவு மாத்திரையை நாய்க்கு நாமாகக் கொடுக்கவே கூடாது, ஈரலையே கெடுத்துவிடும். பூனைக்கு ஒரு துண்டே போதும், உயிர் போய்விடும்.

"முஸ்லிம் வளவில நாயா?" என்று முகம் சுளித்தவர்களோடு எனக்குக் கோபமில்லை. வயல் காவலுக்கும் மந்தைக்கும் நாய் வைக்க அனுமதி ஹதீஸிலேயே இருக்கிறது. தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு கொடுத்தவரின் சம்பவத்தைப் பிள்ளைகளுக்கு நாம்தானே சொல்லிக் கொடுக்கிறோம்? சுத்தம் வேறு விசயம், அதை விட்டுக்கொடுக்கவில்லை. கையுறை, தனிச் சாரன், கொட்டிலுக்கு வெளியே ஒரு வாளி மண். ஈரம் பட்ட இடத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண்ணோடு. உம்மா குசினி வாசலில் நின்று எண்ணுவார்: "ஆறுதான் ஆச்சி மகன், இன்னும் ஒண்டு."

நாலாவது கிழமை வைத்தியர் சொன்னபடி பழைய சாரனை மடித்து வயிற்றுக்கடியில் கொடுத்துத் தாங்கி, ஐந்து நிமிடம் நிற்க வைத்தோம். கால் நடுங்கும், சரியும். ஆறாவது கிழமை ஒரு அஸர் நேரம் வாப்பா கொட்டிலுக்கு வர, சாரனைப் பிடிக்கும் முன்னமே தானாக எழும்பி நின்றது. அல்ஹம்துலில்லாஹ். வாப்பா ஒன்றும் பேசாமல் போய் வுழூ எடுத்தார்.

இப்போது நடக்கிறது, இடக்கால் கொஞ்சம் இழுக்கும். ஓட விடுவதில்லை. சிறுபோக விதைப்புக்கு வாடிக்குப் போகலாமா என்று அடுத்த கிழமை காட்டிக் கேட்க வேண்டும்.

கம்பிக்கூடும் ஒரு பெட்டி கையுறையும் மிச்சம் இருக்கின்றன. யாருக்காவது தேவைப்பட்டால் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மிச்ச மருந்தைக் கேட்காதீர்கள், தரமாட்டேன். அது எடை பார்த்து வைத்தியர் தர வேண்டியது.